சாயத்துக்கு முன்னால் உப்புத்தாள்

செஞ்சிக் கோட்டைப் பாறைகள் கோடை வெயிலில் சாம்பல் வெளுப்பாகத் தெரியும். ஒரு மழை பெய்தால் அதே பாறைகள் கறுத்துவிடும். மழைநீருக்கு நிறம் கிடையாது. கல்லும் மாறவில்லை. ஈரம் காய்ந்ததும் பழைய வெளுப்பு திரும்பிவிடுகிறது. இடையில் மாறியது ஒன்றே ஒன்று: ஒளி கல்லுக்குள் போய்த் திரும்பும் வழி.

காய்ந்த கல்லின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களால் ஆனது. வெயில் அதன்மேல் விழும்போது, ஒளியின் ஒரு பகுதி கல்லுக்குள் நுழையாமலே நாலாபக்கமும் சிதறிவிடுகிறது. கல்லின் நிறத்தைத் தொடாமல் வந்த அந்த வெள்ளொளி, கல்லின் சொந்த நிறத்தோடு கலந்து அதை வெளுப்பாக்குகிறது. பள்ளங்களை நீர் நிரப்பியதும் சிதறல் குறைகிறது. ஒளி ஆழமாக இறங்குகிறது. கல் அதைக் கூடுதலாக உட்கொள்கிறது. எனவே கறுப்பு. எண்ணெய்க்காப்பு சாத்திய கருங்கல் மூர்த்தியின் ஆழ்ந்த கருமைக்கும் இதே காரணம்தான். நன்றாக இழைத்துப் பளபளப்பாக்கிய கல்லிலும் அந்தக் கருமை தெரியும். அங்கே பள்ளங்கள் நிரப்பப்படவில்லை, தேய்த்து அகற்றப்பட்டன.

பள்ளத்தைத் தேய்த்து அகற்றலாம், அல்லது நிரப்பலாம். மரத்தில் ஓர் இசைக்கருவியைச் செய்து முடிப்பவர் இரண்டையும் செய்கிறார். முதலில் உப்புத்தாள், கடைசியில் எண்ணெயோ அரக்கோ வார்னிஷோ. இரண்டுக்கும் நடுவில் சாயம். தானே கிட்டார் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்று எல்லாப் பாகங்களும் அடங்கிய கிட் பெட்டி கிடைக்கிறது. உடல் வெட்டப்பட்டிருக்கும், கழுத்தில் கம்பிமெட்டுகள் அடிக்கப்பட்டிருக்கும், பிக்கப், டியூனர், திருகாணி எல்லாம் பையில் இருக்கும். தொழிற்சாலை நமக்காக விட்டுவைத்த பெரிய வேலை அந்த மேற்பரப்பு. முதல் முறை செய்கிறவர்களுக்கு ஏமாற்றம் தருவதும் பெரும்பாலும் அதுதான். ஒரே புட்டிச் சாயம், ஒரே பலகை. ஆனால் ஓரிடத்தில் தேன் நிறம், பக்கத்திலேயே அழுக்குத் திட்டு. ஏன்?

குழாய்களின் கட்டு

விடை மரத்தின் உடலமைப்பில் இருக்கிறது. உயிருள்ள மரம் வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றும் பொறி. அதற்கான நுண்குழாய்கள் அடிமரத்தில் மேலும் கீழுமாக ஓடுகின்றன. தேக்கு, பலா, மஹோகனி போன்றவற்றில் இவை அகலமானவை. வெட்டிய பலகையில் ஊசியால் கீறியதுபோன்ற சிறு கோடுகளாக வெறும் கண்ணுக்கே தெரியும். விலை குறைந்த கிட்டுகளில் அதிகம் வரும் பாஸ்வுட் போன்ற மென்மையான மரங்களில் குழாய்கள் மிக நுண்ணியவை. பலகை வழவழவென்று ஒரே சீராகத் தோன்றும்.

பலகையை நீளவாக்கில் அறுத்தால் குழாய்கள் படுத்துக் கிடக்கும். குறுக்கே அறுத்தால் அவற்றின் வாய்கள் நம்மைப் பார்த்துத் திறந்திருக்கும். திறந்த வாயில் வைத்த சாயத்தை நுண்குழாய் ஈர்ப்பு விறுவிறுவென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். கிட்டாரின் உடல் வளைவுகளால் ஆனது. இடுப்பு வளைவிலும் கொம்புகளின் நுனியிலும் பலகை குறுக்காகவும் சாய்வாகவும் வெட்டுப்படுகிறது. ஆகவே அங்கெல்லாம் சாயம் கறுப்பாக இறங்குகிறது. முகப்பலகையிலும் நார் எங்கெல்லாம் சற்றே மேல்நோக்கி வளைகிறதோ, அங்கெல்லாம் சிறு குழாய்வாய்கள் திறந்திருக்கும். பாஸ்வுட்டில் வரும் திட்டுகளுக்கு இது முக்கிய காரணம். தொழிற்சாலையில் பசை வழிந்து காய்ந்த இடங்களில் இதற்கு நேரெதிர்: வாய்கள் அடைபட்டுச் சாயமே ஏறாமல் வெளிறி நிற்கும்.

மரத்தின் இந்தக் குணங்களை நன்கு அறிந்த கைகள் தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாக இருக்கின்றன. தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்யப்படுவது. செஞ்சியிலிருந்து தெற்கே விழுப்புரத்தைத் தாண்டினால் வரும் பண்ருட்டி பலாவுக்குப் பேர்போனது. தஞ்சை வீணைப் பட்டறைகளுக்கு மரம் போவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். 24 மெட்டுகள் நிலையாகப் பதித்த இன்றைய வீணையின் வடிவத்தைத் தஞ்சை நாயக்கர் ரகுநாதரின் காலத்தோடு, அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு, மரபு இணைத்துப் பேசுகிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வீணைக்குப் பலாவின் வைரப்பகுதியே வேண்டும். வெளிறு எனப்படும் வெளிப்பகுதி நீரேற்றும் வேலையில் இருந்தது. மென்மையானது, பூச்சி அரிப்புக்கு எளிதில் ஆளாவது. வைரமோ மரம் தன் கழிபொருள்களையும் காப்புப் பொருள்களையும் சேர்த்துவைத்த இடம். பலா வைரத்தின் மஞ்சளுக்குக் காரணம் அப்படிச் சேர்ந்த மோரின் என்ற சாயப்பொருள். இலங்கையிலும் பர்மாவிலும் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குப் பலாச்சிராயைக் காய்ச்சிச் சாயமேற்றியதும் இதைக் கொண்டுதான். புதிதாக அறுத்த பலா மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு ஆண்டுகள் ஆக ஆகச் செம்பழுப்பாகும். அந்த மரம் தன் சாயத்தைத் தானே சுமந்து வருகிறது. கிட்டாரின் வெளிறிய பாஸ்வுட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு நாம் வெளியிலிருந்து நிறம் தரவேண்டும்.

உப்புத்தாளின் ஏணி

உப்புத்தாளில் உப்பு இல்லை. தாளின்மேல் பசையால் ஒட்டிய கடினத் துகள்கள்தான் உண்டு. ஒவ்வொரு துகளும் ஒரு சிறு உளி. தாளின் எண் கூடக்கூட உளி சிறுத்துக்கொண்டே போகும். ஐரோப்பியத் தர அளவின்படி 80 எண் தாளின் துகள் சராசரியாக 0.2 மில்லிமீட்டர், 120இல் 0.125, 180இல் 0.082; 240இல் 0.058, 320இல் 0.046, 400இல் 0.035.

தாள் வருவதற்கு முன்னால் இந்த வேலையை இலைகள் செய்தன. பராய் மரத்தின் இலையில் கனிமம் ஏறிய சொரசொரப்பு உண்டு. மரத்தையும் தந்தத்தையும் இழைக்க அது பயன்பட்டது. பலாவும் பராயும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் தென்கடற்கரை மணலில் கிடைக்கும் கார்னெட் என்ற செம்மணிக் கனிமமும் தேய்ப்புப் பொருளாக உலகெங்கும் போயிருக்கிறது. 1891இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் சிலிக்கான் கார்பைடைத் தற்செயலாக உண்டாக்கினார். அதைக் கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று தவறாகக் கருதி கார்போரண்டம் என்று பெயரிட்டார். அந்தப் பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் சென்னையில் தொடங்கப்பட்டது. மரவேலைக்கு இன்று அதிகம் பயன்படுவது அலுமினியம் ஆக்சைடு தாள். ஈரத்தில் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பர் பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு.

இழைப்பது என்றால் கீறல்களை ஒழிப்பது என்று நினைக்கிறோம். நடப்பது வேறு: பெரிய கீறல்களை அகற்றி, அவற்றின் இடத்தில் சிறிய கீறல்களைப் போடுகிறோம். 120 எண் தாள் 80இன் கீறலை அதன் அடிவரை தேய்த்து எடுத்துவிட்டுத் தன் கீறலை விட்டுச் செல்ல வேண்டும். பிறகு 180, பிறகு 220 அல்லது 240. படிகளைத் தாண்டி 80இலிருந்து நேரே 240க்குப் போனால் என்ன ஆகும்? 240இன் சின்னஞ்சிறு உளிகள் மேட்டின் உச்சியை மட்டும் வழவழப்பாக்கும். 80 போட்ட பள்ளத்தின் அடி அப்படியே இருக்கும். கை தடவிப் பார்த்தால் பட்டுப்போல இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. சாயம் மட்டும் அந்தப் பள்ளத்தில் தேங்கி, மறைந்திருந்த ஒவ்வொரு கோட்டையும் கறுப்பு மையால் எழுதியதுபோலக் காட்டிவிடும்.

நார் ஓடும் திசையிலேயே தேய்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நாரோடு போகும் கீறல், மரத்தின் இயல்பான கோடுகளுக்குள் ஒன்றாக மறைந்துவிடும். குறுக்கே போகும் கீறல் நார்களை அறுத்துப் புதிய குழாய்வாய்களைத் திறந்துவிடுகிறது. அது தனியே கறுத்து நிற்கும். வட்டமாகச் சுழலும் சிறு இயந்திரத்தால் தேய்த்தவர்களும் கடைசிச் சுற்றை, அதே எண் தாளைக் கொண்டு, கையால் நாரோடு தேய்த்து முடிப்பது இதனால்தான்.

தட்டையான இடங்களில் விரலால் தாளை அழுத்தக் கூடாது. மென்மையான நாரில் விரல் ஆழமாகவும் கடினமான நாரில் மேலோட்டமாகவும் தேய்க்கும். அலைபோன்ற மேடு பள்ளம் உருவாகும். தாளை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்தால் கட்டை மேட்டை மட்டும் தொடும். தேய்க்கும் முன் முகப்பு முழுவதும் பென்சிலால் லேசாகக் கிறுக்கிக்கொள்வது நல்ல வழி. கிறுக்கல் மிஞ்சிய இடமெல்லாம் தாள் இன்னும் எட்டாத பள்ளம். ஆனால் முகப்பில் அழகுக்காக ஒட்டிய மேப்பிள் வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு இருந்தால் எச்சரிக்கை வேண்டும். பல கிட்டுகளில் அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். 80 எண் தாள் சில நிமிடங்களில் அதைத் தாண்டிவிடும். அங்கே 180இல் தொடங்குவதே பாதுகாப்பு.

எதுவரை இழைப்பது? சாயம் ஏற்றப்போகிறோம் என்றால் 220 அல்லது 240 போதும். அதற்கும் நுண்ணிய தாள் நார்களை மெழுகி, தூசியால் வாய்களை அடைத்துவிடும். சாயம் ஏறாமல் நிறம் வெளிறும். இதே உண்மையை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். குறுக்குவெட்டு தெரியும் ஓரங்களை மட்டும் 320 அல்லது 400 வரை இழைத்தால் அவற்றின் தாகம் குறையும்; முகப்பின் நிறத்தோடு ஒத்துப்போகும்.

நீர் சார்ந்த சாயமானால் இன்னொரு படி உண்டு. தாள் அழுத்திப் படுக்கவைத்த நார்கள் ஈரம் பட்டதும் ஊதி எழுந்து நிற்கும். மேற்பரப்பு மீண்டும் சொரசொரப்பாகும். அதைச் சாயத்தின்போது நடக்கவிடாமல் முன்பே நடக்கவிடுவது மேல். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, முழுதும் காயவிட்டு, எழுந்த நார்களைக் கடைசி எண் தாளால் அழுத்தாமல் வருடி எடுத்தால் போதும். அந்த ஈரத்துணி இன்னொரு வேலையும் செய்யும். நனைந்த பாறையைப்போல மரமும் சில நிமிடங்கள் ஆழ்ந்த நிறம் காட்டும். ஒளிந்திருக்கும் கீறலும் பசைத் திட்டும் அப்போது வெளிப்படும். திருத்திக்கொள்ள அதுதான் தருணம்.

இழைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது. ஒரே ஒரு கிட்டாருக்கும் என்-95 கவசமும் திறந்த வெளியும் வேண்டும்.

நிறம் எங்கே உட்காருகிறது

சாயங்களில் இரண்டு இனம். ஒன்று கரையும் சாயம். நீரிலோ ஸ்பிரிட்டிலோ மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்து நாரின் சுவருக்குள்ளேயே போய்விடும். மரத்தின் ரேகை தெளிவாகத் தெரியும். ஆனால் பல கரையும் சாயங்கள் வெயிலில் நாளடைவில் வெளுக்கும். 1856இல் வில்லியம் பெர்கின் கண்டுபிடித்த செயற்கை ஊதாவுக்குப் பிறகு வந்த அனிலைன் சாயங்கள் இந்த இனம். மற்றொன்று நிறமித் துகள். காவிமண்ணை அரைத்துக் கலந்ததுபோல, கரையாத நுண்துகள்கள் குழாய்வாய்களிலும் கீறல்களிலும் போய்த் தங்கும். வெயிலைத் தாங்கும், ஆனால் மேற்பரப்பில் கீறல் இருந்தால் அதைத்தான் முதலில் தேடிப் போகும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: நிறத்தைப் பூசாமல் மரத்துக்குள்ளேயே உண்டாக்குவது. இரும்பும் துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்தால் கருமை பிறக்கும். கடுக்காயில் ஊறிய துணியின்மேல் இரும்புக் கரைசலால் வரைந்து கறுப்பு பெறுவது கலம்காரி ஓவியர்களின் வழி. நாயக்கர் காலத்திலிருந்து வரும் கருப்பூர் கலம்காரியில் இன்றும் அந்த வேதியியல் வாழ்கிறது. மரத்திலும் அதைச் செய்யலாம். காடியில் இரும்புக் கம்பளியை ஊறவைத்து வடிகட்டிய நீரைத் தேக்கு, ஓக் போன்ற டானின் உள்ள மரத்தில் தடவினால் சில நிமிடங்களில் சாம்பலாகிப் பின் கறுக்கும். பாஸ்வுட்டில் டானின் குறைவு. அதற்கு முதலில் கடுக்காய் ஊறிய நீரைத் தடவிக் காயவைத்துப் பிறகு இரும்பு நீரைத் தடவ வேண்டும்.

திட்டு விழும் மரத்துக்கு இன்னொரு தீர்வை இத்தாலியின் கிரெமோனா நகரத்து வயலின்கள் சொல்லித்தருகின்றன. அந்தோனியோ ஸ்திராதிவாரியின் வயலின் வார்னிஷில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. பாரிஸ் இசை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ழான்-பிலிப் எஷார் குழுவினர், அவர் செய்த ஐந்து கருவிகளை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அடியில் ஓவியர்கள் பயன்படுத்தும் வகையிலான உலரும் எண்ணெய், மரத்தின் மேல்மட்டச் செல்களுக்குள் சிறிதே இறங்கியிருந்தது. அதன்மேல் எண்ணெயும் ஊசியிலை மரப் பிசினும் கலந்த மெல்லிய படலம். செந்நிறப் பொருள்கள் இந்தப் படலத்தில்தான் இருந்தன. அபூர்வப் பொருள் எதுவும் அகப்படவில்லை. வாய்களை முதலில் அடைத்துவிட்டு, நிறத்தை மரத்துக்கு மேலுள்ள படலத்தில் வைத்திருந்தார் அவர். கிட்டுக்கும் இது பொருந்தும். ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த செல்லாக் என்ற அரக்கை ஒரு கை பூசி, காய்ந்ததும் மென்மையாக வருடிவிட்டுச் சாயம் ஏற்றினால் பாஸ்வுட் திட்டில்லாமல் நிறம் ஏற்கும். ஆழம் சற்றுக் குறையும், சீர் கூடும்.

கடைசிப் படலமும் செஞ்சியின் காற்றும்

சாயம் காய்ந்ததும் மரம் மங்கலாகத் தெரியும். முதல் முறை செய்கிறவர்கள் இங்கே மனம் தளர்ந்துபோவதுண்டு. ஆனால் அந்த மங்கல் காய்ந்த பாறையின் மங்கல்தான். காற்றிலிருந்து மரநாருக்குள் நுழையும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு திரும்பிவிடுகிறது. நாரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.53, எண்ணெய், அரக்கு, வார்னிஷ் எல்லாம் 1.5ஐ ஒட்டியவை. அவை நாரைச் சூழ்ந்துகொண்டதும் அந்தத் திருப்பம் நூறில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்குகிறது. ஒளி உள்ளே இறங்கி, சாயத்தைத் தொட்டுத் திரும்புகிறது. நிறம் உயிர்பெறுவது அப்போதுதான்.

எந்தப் படலமானாலும் கனமாக ஒருமுறை பூசுவதைவிட மெலிதாகப் பலமுறை பூசுவது நல்லது. செல்லாக் நம் நாட்டுப் பொருள். ஜார்கண்டிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரப்பது. ஸ்பிரிட் ஆவியானதும் அது கெட்டியாகிவிடும். ஆவியாகும் திரவம் பரப்பைக் குளிர்விக்கும். செஞ்சியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்திருக்கும். குளிர்ந்த பரப்பில் அது நுண்துளிகளாகப் படியும். படலம் பால்போலப் பூத்துவிடும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் செல்லாக், லாக்கர் வேலையை நண்பகலில் செய்வதும், மழை நாளில் ஒத்திவைப்பதும் அனுபவம் சொல்லும் வழி. மரமும் காற்றோடு சேர்ந்து ஈரம் ஏற்றும், இறக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் 9 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். காற்றில் 80 ஆனால் மரத்தில் 16ஐ நெருங்கும். எனவே பெட்டியிலிருந்து எடுத்த பலகை சில நாட்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும்.

ஆளிவிதை எண்ணெய் போன்றவை ஆவியாகிக் காய்வதில்லை; ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகின்றன. அந்த வினை வெப்பம் தருவது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கலாம். துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீரில் முக்கிவைக்க வேண்டும்.

கழுத்து பொருந்தும் குழியில் மட்டும் சாயமோ வார்னிஷோ படாமல் நாடா ஒட்டி மறைக்க வேண்டும். அங்கே படலம் ஏறினால் கழுத்து சரியாக உட்காராது. அதன் சாய்வு மாறினால் தந்தியின் உயரமும் மாறும். மற்றபடி எலக்ட்ரிக் கிட்டாரின் நாதத்தில் மெல்லிய பூச்சு பெரிதாகத் தலையிடாது. பிக்கப் உணர்வது எஃகுத் தந்தியின் அசைவைத்தான். மெல்லிய முகப்பலகை அதிர்ந்து ஒலி தரும் அகூஸ்டிக் கிட்டாரில் கனத்த பூச்சு அந்த அதிர்வை அடக்கும்.

பரிசோதனைக்கு உதிரிப் பலகை இல்லையே என்று தயங்க வேண்டாம். முகப்பைக் காக்கும் பிக்கார்டு தகடு மூடப்போகும் இடமும் மின்கம்பிகளுக்கான குழியும் அதே மரம்தான். அங்கே 180 வரை ஒரு பட்டை, 240 வரை ஒரு பட்டை, செல்லாக் பூசியது ஒன்று, பூசாதது ஒன்று என இழைத்து, சாயம் தடவி, மேலே வார்னிஷும் இட்டுப் பார்த்துவிட்டு முகப்புக்கு வரலாம். நான்கு பட்டைகளிலும் ஊற்றியது ஒரே புட்டிதான், நிறங்கள் நான்கு. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது உப்புத்தாளும் அதைப் பிடித்த கையும். கடைக்குப் போய் நிறம் தேர்ந்தெடுக்கச் செலவழிக்கும் நேரத்தைவிட, 120க்கும் 240க்கும் நடுவே செலவழிக்கும் நேரத்தில்தான் ஒரு கிட்டாரின் நிறம் தீர்மானமாகிறது.